அது வேற, இது வேற

‘பார்ட்டிஷன்’ என்கிற சொல்லைத் திண்டுக்கல்லில் இரண்டு இடங்களில் சர்வசாதாரணமாகக் கேட்கலாம். ஒன்று, பத்திரப் பதிவு அலுவலக வாசல். இன்னொன்று, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. முதல் இடத்தில் அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு பையன் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, “சி டிரைவுக்கு எவ்வளவு விடட்டும் சார்?” என்பான். விஷயம் ஒன்றுதான். இருப்பது ஒரே சொத்து, அதில் கோடு போட்டாக வேண்டும்.

கம்ப்யூட்டர் பழக்கமில்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஹார்ட் டிஸ்க் என்பது நிலம். அதில் வரப்பு கட்டி ஒரு பக்கம் விண்டோஸையும் மறு பக்கம் லினக்ஸையும் குடிவைக்கலாம். மெஷினைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்து, ‘இன்றைக்கு யார்?’ என்று கேட்கும். நீங்கள் யாரைச் சொல்கிறீர்களோ அவர் எழுந்து வருவார். மற்றவர் தூங்குவார். இதற்கு ‘டூயல் பூட்’ என்று பெயர். 

தமிழ்நாட்டில் இதை லட்சக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டுபோனது அரசாங்கம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று ஜெயலலிதா அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. (மதுரையிலிருந்து பாகம் பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானதும் 1985-ல் இதே தேதியில்தான். அண்ணாவுக்கும் பார்ட்டிஷனுக்கும் ஏதோ பொருத்தம்.) எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்களில் இரண்டு சிஸ்டம் இருந்தது. ஒரு பக்கம் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். மறு பக்கம் மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ். 

ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் குடும்பத்தின் கடைக்குட்டி. அதில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. பதினேழு வயசுப் பிள்ளையிடம் புது லேப்டாப்பைக் கொடுத்து, ‘வால்பேப்பரை மாற்றாதே’ என்றால் என்ன நடக்கும்? கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் ‘அல்டிமேட் போட்டுத் தர்றேன்’ என்றார். போட்டது லைசென்ஸ் இல்லாத காப்பி. ‘இந்த பாஸ் எல்லாம் எதுக்குத் தம்பி, இடத்தை அடைச்சுக்கிட்டு’ என்று அதையும் துடைத்துவிட்டு, அந்த இடத்தையும் சேர்த்துக் கொடுத்தார். எல்லாரும் இப்படிச் செய்யவில்லை. ஆனால் நிறையப் பேர் செய்தார்கள். 

இதில் உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். பாஸ் லினக்ஸ் சட்டப்படி உங்களுடையது. காப்பி எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். காசு கொடுக்காமலே சொந்தமானதை அழித்துவிட்டு, காசு கொடுக்காததால் சொந்தமாகாததை அந்த இடத்தில் நட்டுக்கொண்டோம்.

“இது திருட்டு இல்லையா?” என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் கோபப்பட மாட்டார். சிரிப்பார். “சார், அது வேற, இது வேற.” அதே மனிதர், நீங்கள் ஐம்பது ரூபாய் அதிகமாகக் கொடுத்துவிட்டுப் போனால் ரோடு தாண்டி ஓடி வந்து திருப்பிக் கொடுப்பார். அவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு மனசு வராது. உங்களுக்கும் வராது. அவருக்குள்ளே வரப்பு போட்டு ஒரு சின்ன இடத்தில் திருட்டுக்கு மட்டும் பட்டா கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். 

‘அது வேற, இது வேற’ என்பதைவிடச் சுருக்கமாக ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தை எந்த டாக்குமென்ட் ரைட்டராலும் எழுத முடியாது. லஞ்சம் வாங்குகிற கை வேற, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிற கை வேற. மேடையில் சாதி ஒழிக, மகள் கல்யாணத்தில் அது வேற. ஒரு மனிதன் தன்னை இப்படிப் பாகம் பிரித்துக்கொள்ளலாமா? 

கூடாது என்பது காந்தியின் கட்சி. வாழ்க்கை என்பது பிரிக்க முடியாத ஒரு முழுமை, ஓர் அறையில் தப்பு செய்துகொண்டு இன்னோர் அறையில் சரியாக இருக்க முடியாது என்று கடைசிவரை சாதித்தார். 1921-ல் மதுரையில் அரை ஆடைக்கு மாறியவர், பத்து வருஷம் கழித்து லண்டன் அரண்மனைக்கு ராஜாவைப் பார்க்கப் போனபோதும் அதே ஆடையில்தான் போனார். ‘அரண்மனை வேற’ என்று சொல்லவில்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரை ரோட்டில் கொஞ்ச தூரம் போனால், சின்னாளபட்டி பக்கத்தில், அவர் பெயரைத் தாங்கிய காந்திகிராமம் இருக்கிறது. சௌந்தரம் அம்மாவும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. படிப்பு தனி, கிராமம் தனி, கைவேலை தனி என்று பிரிக்கக் கூடாது என்பதுதான் அந்த இடத்தின் அடிப்படையே.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காந்தியால் முடிந்ததை எல்லோர் தலையிலும் கட்டினால் சில நல்ல விஷயங்கள் கெட்டுப்போகும் என்று நினைக்கிறேன். சொந்தப் பெண் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் பேப்பர் திருத்துகிற டீச்சர், அம்மாவை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ஆபரேஷன் செய்கிற டாக்டருக்கு அந்த ஒரு மணி நேரம் கண்ணீர் விடுகிற உரிமை இல்லை. இங்கே பிரித்துக்கொள்வதுதான் ஒழுக்கம்.

மனுநீதிச் சோழனை எடுத்துக்கொள்ளுங்கள். கன்றுக்குட்டியைத் தேர்க்காலில் கொன்ற மகனைத் தேர்க்காலிலேயே கிடத்தியவன். அவன் தன்னைப் பிரித்துக்கொண்டவனா, பிரிக்காதவனா? ‘அப்பா வேற, ராஜா வேற’ என்று அப்பாவைத் தூங்கவைத்துவிட்டு ராஜா மட்டும் எழுந்து வந்தான் என்று சொல்லலாம். ‘ஊர்க்காரன் மகன் வேற, என் மகன் வேற’ என்று வரப்பு போட மறுத்தான் என்றும் சொல்லலாம். கதை ஒன்று, கணக்கு இரண்டு. ஆக, கோடு போடுவது தப்பா சரியா என்று கேட்டால் பதில் வராது. போட்ட கோட்டால் யாருக்கு லாபம் என்று கேட்டால் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. சோழன் போட்ட கோட்டில் அவனுக்குத்தான் நஷ்டம். நம் கடைக்காரரின் கோட்டில் அவருக்கு இருநூறு ரூபாய் லாபம்.

இன்னொன்றும் கேட்கலாம். அதற்குத் திண்டுக்கல் சமவெளிக்குத்தான் போக வேண்டும்.

வேடசந்தூர் பக்கம், ஒட்டன்சத்திரம் பக்கம் எல்லாம் கிணற்றை நம்பின விவசாயம். மூன்று அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கிறார்கள் என்றால் நிலத்தை மூன்றாக வெட்டிவிடலாம். கிணற்றை வெட்ட முடியுமா? பத்திரத்தில் ‘கிணறு பொதுவில் மூன்றில் ஒரு பாகம்’ என்று எழுதுவார்கள். அப்படியென்றால் முறை. இன்றைக்கு மூத்தவர் மோட்டார் போடுவார், நாளைக்கு நடுவுள்ளவர், மறுநாள் சின்னவர். நிலத்தை இடத்தால் பிரிக்கிறார்கள், தண்ணீரை நேரத்தால் பிரிக்கிறார்கள். டூயல் பூட்டும் அச்சு அசல் இதேதான். டிஸ்க்கை வரப்பு கட்டிப் பிரிக்கிறோம். பிராசஸரும் மெமரியும் கிணறு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் இறைக்க முடியும்.

அங்கே சண்டை வருவது வரப்பால் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் முறையால். தன் முறை முடிந்தும் மோட்டாரை நிறுத்தாதவரால். 

கம்ப்யூட்டரிலும் இந்த ஆசாமி உண்டு. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்று ஒரு வசதி. நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுசாகச் சாகாது. அடுத்த தடவை சீக்கிரம் எழுவதற்காக, பாதி ஞாபகத்தை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கம் போடும். அந்த நிலையில் லினக்ஸ் எழுந்து விண்டோஸ் பக்கம் ஏதாவது எழுதப் போனால், ‘ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார்’ என்று மறுத்துவிடும். ஆபீஸை விட்டு வந்தும் ஷட் டவுன் ஆகாத அப்பாக்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்திருப்பார். உள்ளே இன்னும் ஹெட் கிளார்க்தான் ஓடிக்கொண்டிருப்பார்.

கடிகாரத்திலும் ஒரு தகராறு உண்டு. மெஷினுக்குள் ஒரே கடிகாரம். அதில் ஓடுவது நம்மூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். சரியாகச் சொல்லிவைக்காவிட்டால், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். காலை பத்துக்கு உட்கார்ந்தால் நாலரை என்று காட்டும். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்குள் இதைவிடப் பெரிய வித்தியாசங்களைப் பார்த்திருக்கிறேன், போகட்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. லினக்ஸுக்கு விண்டோஸின் பக்கத்தைப் படிக்கத் தெரியும். அதிலுள்ள போட்டோ, பாட்டு எல்லாம் திறக்கும். விண்டோஸுக்கு லினக்ஸின் பக்கம் தானாகப் படிக்க வராது. அப்படி ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள், ‘இதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?’ என்று மரியாதையாகக் கேட்கும். தனக்குப் புரியாததை அழித்துவிடலாமா என்கிறது! 

ஷங்கரின் ‘அந்நியன்’ (2005) பார்த்தவர்களுக்கு அம்பியைத் தெரியும். அந்நியன் செய்கிற கொலை அம்பிக்குத் தெரியாது. அதனால்தான் அது வியாதி. நமக்கு வியாதி இல்லை. சாயங்காலம் பிள்ளைக்கு நேர்மையைப் பற்றிக் கதை சொல்கிற அப்பாவுக்கு, மத்தியானம் மேஜைக்கு அடியில் நடந்தது நன்றாகவே தெரியும். படிக்கத் தெரியும், திறப்பதில்லை. மனுஷன் விண்டோஸ் இல்லை, விண்டோஸ் மாதிரி நடிக்கிறான். கோபம் எனக்கு இங்கேதான் வருகிறது. பிரித்துக்கொண்டதில் இல்லை, ‘அந்தப் பக்கம் எனக்குப் படிக்க வராது’ என்று சொல்வதில்.

சரி, யார் வர வேண்டும் என்று முடிவு செய்வது யார்? விண்டோஸ் இல்லை, லினக்ஸ் இல்லை. இருவரும் எழுவதற்கு முன்னாலேயே ஒரு குட்டி புரோகிராம் ஓடும். பழைய மெஷின்களில் அது டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் தொடங்குகிறது. அதில் பாகப்பிரிவினைப் பட்டியலுக்கு 64 பைட், முத்திரைக்கு 2 பைட் போக, மிச்சம் 446 பைட். இந்தக் கட்டுரையின் பெரிய பத்தி ஒன்றுகூட அதில் அடங்காது. அவ்வளவு சின்ன இடத்திலிருந்துதான் ‘இன்றைக்கு யார்?’ என்ற கேள்வி கிளம்புகிறது. கேட்டுவிட்டுச் சில விநாடிகள் எண்ணும், பத்து, ஒன்பது, எட்டு என்று. நீங்கள் எந்தக் கட்டையையும் தொடாவிட்டால், வழக்கமாக வருகிறவரை எழுப்பிவிடும். நம்மில் பல பேர் கெட்டதைத் தேர்ந்தெடுத்ததே இல்லை. அந்தப் பத்து விநாடி சும்மா இருந்திருக்கிறோம்.

அந்த முதல் இடத்துக்கும் ஆபத்து உண்டு. லினக்ஸ் இருக்கிற மெஷினில் பிற்பாடு விண்டோஸைப் போட்டால், பழைய மெஷின்களில் அது அந்த 446 பைட்டிலும் தன் பெயரை எழுதிவிடும். அப்புறம் பட்டியலே வராது. கேள்வியே கேட்காமல் விண்டோஸ் நேராக வந்து நிற்கும். ஸ்டீவன்சன் 1886-ல் எழுதிய டாக்டர் ஜெகில் கதையில் இதுதான் நடக்கிறது. மருந்து குடித்தால் ஹைட், மறுபடி குடித்தால் ஜெகில் என்று கணக்காகத்தான் ஆரம்பிக்கிறார். ஒரு நாள் ராத்திரி ஜெகிலாகப் படுத்தவர், காலையில் கண் விழித்துப் போர்வை மேல் கிடக்கிற கையைப் பார்க்கிறார். ரோமம் அடர்ந்த கை. மருந்தே குடிக்கவில்லை. 

மெக்கானிக் பையன்களைக் கேட்டால் இதற்குப் பயப்பட மாட்டார்கள். லினக்ஸ் அழிந்துபோகவில்லை சார், வாசல்தான் அடைபட்டிருக்கு என்பார்கள். பக்கம் பக்கமாக எல்லாம் உள்ளே அப்படியே இருக்கும். ஆனால் உள்ளேயிருந்து திறக்க வழி கிடையாது. வெளியிலிருந்து ஒரு சி.டி.யோ பென் டிரைவோ போட்டு மெஷினை எழுப்பி, முதல் இடத்தைத் திருத்தி எழுதினால் பழைய பட்டியல் திரும்பி வரும். பத்து நிமிஷ வேலை. 

மனுஷர்களுக்கு அந்த சி.டி. பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிறது. எட்டு வயசு இருக்கும். தூங்கப் போகிற நேரத்தில் நேர்மைக் கதையைப் பாதியில் நிறுத்தி, ‘அது எப்படிப்பா வேற?’ என்று கேட்கும்.