மருத்துவப் பிழையும் வீண்வழக்கு என்னும் பழியும்

மருத்துவர்கள் மீது தொடுக்கப்படும் வழக்குகளில் பல ஆதாரமற்றவை என்று மருத்துவர்கள் குறைகூறுவதும், மருத்துவரின் தவறால் பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைப்பதே அரிது என்று நோயாளிகளின் உறவினர் குமுறுவதும் ஒருங்கே உண்மையாக இருக்கக்கூடும். நியூயார்க் மாநில மருத்துவமனைகளில் 1984இல் சிகிச்சை பெற்ற முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் குறிப்பேடுகளை ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவர்கள் என்று அவர்கள் முடிவுசெய்த 280 பேரில் எட்டுப் பேர் மட்டுமே வழக்குக்குச் சென்றிருந்தனர். ஆராயப்பட்ட நோயாளிகள் அனைவர் தரப்பிலும் தொடுக்கப்பட்ட 47 வழக்குகளில் எஞ்சியவற்றுக்கு அடிப்படையாக அத்தகைய கவனக்குறைவு எதுவும் ஆய்வாளர் கண்ணுக்குப் புலப்படவில்லை. வழக்காடியவரில் பலருக்குத் தீங்கு இழைக்கப்படவில்லை. தீங்கு இழைக்கப்பட்டவரோ பெரும்பாலும் வழக்காடவில்லை. ஆகவே வீண்வழக்கைத் தடுப்பதற்கென எழுப்பப்படும் ஒவ்வொரு தடையும், ஏற்கெனவே தயங்கி வெளியே நிற்கும் இந்த இரண்டாம் சாராரை என்ன செய்யும் என்பதே அறநோக்கில் முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இந்தியாவில் இக்கேள்வி கூர்மையாக எழுந்தது ஜேக்கப் மேத்யூ என்னும் மருத்துவரின் வழக்கில். 1995இல் பஞ்சாபில் ஒரு மருத்துவமனையில், முற்றிய புற்றுநோயோடு கிடந்த முதியவருக்கு இரவில் மூச்சுத்திணறல் ஏற்பட, இருபது நிமிடங்களுக்கு மேலாகியும் மருத்துவர் வரவில்லை என்றும், வந்தபின் பொருத்தப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டர் வெறுமையாக இருந்தது என்றும், மகனே பக்கத்து அறைக்கு ஓடி வேறொரு சிலிண்டரைக் கொண்டுவந்தும் அதை இயங்கச் செய்ய வழியில்லாமல் சில நிமிடங்கள் கழிந்து உயிர் பிரிந்தது என்றும் புகார் கூறியது. மருத்துவர்கள் மீது, கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்னும் குற்றத்துக்குரிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவின்கீழ் வழக்குப் பதிவானது. 2005இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்தது. சிலிண்டர் இல்லாமைக்கு மருத்துவமனை உரிமையியல் சட்டப்படி, அதாவது இழப்பீடு தரும் வகையில், பொறுப்பாகக்கூடுமேயன்றி, அதற்காக மருத்துவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இயலாது என்பது தீர்ப்பின் சாரம். அத்துடன், தகுதியுள்ள மற்றொரு மருத்துவரின் நம்பகமான கருத்து இல்லாமல் தனியார் குற்றப் புகாரை ஏற்கக் கூடாது என்றும், மருத்துவரை வழக்கமான நடைமுறையாகக் கைது செய்யக் கூடாது என்றும் நீதிமன்றம் நெறிவகுத்தது.

இந்தத் தீர்ப்பு அடிப்படையில் நியாயமானது. மயக்கத்தில் கிடப்பவரின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டியவர், அம்முடிவு பிசகினால் சிறை என்று அஞ்சுவாரானால், கடினமான நோயாளியைத் தொடாமலே வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார். அந்த அச்சத்தின் விலையைக் கொடுப்பவர் அடுத்த நோயாளிதான். 1957இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட போலம் அளவுகோலும், அதாவது துறையறிவுள்ள பொறுப்பான மருத்துவர் குழு ஒன்று சரியென ஏற்கும் முறையைப் பின்பற்றியவர் கவனக்குறைவு உடையவர் ஆகார் என்னும் கோட்பாடும், இதே பரிவிலிருந்து பிறந்தது.

ஆயினும் குற்றவியல் கதவு மூடப்படும்போது, இழப்பீட்டுக்கான கதவு அகலத் திறந்திருக்க வேண்டும்; இல்லையேல் பாதுகாப்பு என்பது சலுகையாகிவிடும். நடப்பில் அக்கதவு ஒடுக்கமானது. நடந்ததைக் கூறும் ஒரே சான்றான சிகிச்சைக் குறிப்பேடு எதிர்த்தரப்பின் கையில் இருக்கிறது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் அதைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தைவிதிகள் கூறினாலும், துக்கவீட்டில் அவ்விதியை அறிந்தவர் எத்தனை பேர்? ஒரு மருத்துவரின் பிழையை இன்னொரு மருத்துவர்தான் எடுத்துக்கூற வேண்டும் என்றால், சகாவுக்கு எதிராகக் கையொப்பமிட முன்வருபவரைத் தேடி அலைவதும் பாதிக்கப்பட்டவர் தலையில்தான் விழுகிறது. நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் மருத்துவ வழக்குகள் எல்லாவற்றிலும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010இல் வி. கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது இச்சுமையைச் சற்றே குறைத்தது.

இன்னொரு புறக்கணிப்பு இதனினும் பெரிது. மருத்துவச் சேவையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்த 1995ஆம் ஆண்டு வி.பி. சாந்தா தீர்ப்பு, எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளை அச்சட்டத்துக்கு வெளியே விட்டது. விலை கொடுத்துப் பெறுவதே சேவை என்னும் சட்டத்தின் வரையறைக்குள் நின்று பார்த்தால் தர்க்கம் சரியே. ஆனால் கட்டணம் கட்டியவருக்கு எளிய நுகர்வோர் ஆணையமும், கட்ட முடியாமல் அரசு மருத்துவமனைக்கு வந்தவருக்குச் செலவும் காலமும் பிடிக்கும் நீதிமன்றமும் என்ற பாகுபாட்டை எந்த அறமும் ஏற்காது.

வீண்வழக்கு என்னும் சொல்லையும் நிதானமாகவே பயன்படுத்த வேண்டும். பணம் பறிக்கும் நோக்கோடு பொய் புனைபவர்கள் இருக்கிறார்கள். அவர்களால் ஒரு மருத்துவரின் பெயரும் உறக்கமும் ஆண்டுக்கணக்கில் பாழாகின்றன. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் அத்தகைய புகார்களுக்கு 10,000 ரூபாய் வரை செலவுத்தொகை விதிக்க இடமளித்தது தவறன்று. எனினும் தோற்ற வழக்கெல்லாம் பொய்வழக்கு ஆகாது. காலையில் பேசிக்கொண்டிருந்தவர் மாலையில் எப்படி இறந்தார் என்று கேட்டவருக்கு, முயன்றோம் முடியவில்லை என்பதற்குமேல் எவரும் விளக்கம் தராதபோது, வக்கீல் அறிவிக்கை ஒன்றுதான் பதிலை வரவழைக்கும் வழியாக எஞ்சுகிறது. நடந்ததை நடந்தவாறு உட்கார்ந்து கூறும் கடமையை மருத்துவமனை ஏற்றிருந்தால், அவ்வழக்குகளில் பல பிறந்தே இரா. சட்டத்திடம் பாதுகாப்புக் கேட்கும் தொழில், அதற்கு ஈடாக ஒளிவுமறைவின்மையைத் தரக் கடமைப்பட்டது.

நியூசிலாந்து 1974 முதல் வேறொரு வழியில் செல்கிறது. விபத்தால் கேடுற்றவருக்கு, யார் குற்றம் என்று நிறுவாமலே பொதுநிதியிலிருந்து உதவி அளித்து, அதற்குப் பதிலாக இழப்பீட்டு வழக்குத் தொடுக்கும் உரிமையை அந்நாடு நீக்கியது. சிகிச்சையால் நேர்ந்த கேட்டுக்கு மருத்துவரின் பிழையைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் 2005இல் அகன்றது. இந்தியா முழுமைக்கும் அது இன்று இயலாது; செலவும் மிகும். ஆனால் நுகர்வோர் சட்டம் கைவிட்ட இலவச அரசு மருத்துவமனைகளில் அதைத் தொடங்க முடியும். அங்கே மருத்துவரும் அரசின் ஊழியர், சிலிண்டரும் அரசின் உடைமை.