அடைப்பதும் அருளா?

சிதம்பரத்திலிருந்து புவனகிரி போகும் சாலையில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை. கேட்டும் ஜன்னல் கிரில்லும்தான் சோறு போடுகின்றன. கொஞ்ச காலமாக, கொல்லையில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் சக்கரம் வைத்த கூண்டு கேட்டு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவன். பட்டறையையும் வகுப்பையும் நேருக்கு நேர் நிறுத்தியவர் குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா.

வெள்ளைச் சேலை, வள்ளலார் வழி. முட்டையைக்கூடத் தொடாத வீடு. பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கி வந்த குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. “மரநாய் தூக்கிட்டுப் போவுது தம்பி, அதான் கூண்டு கேக்குறேன். ஆனா ராத்திரி முழுக்கப் பூட்டி வெச்சா, அது காவலா, சிறையா?” என்று கேட்டார். விலையைச் சொல்வதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வகுப்பில் படித்ததைச் சொன்னேன். இறைவன் செய்யும் தொழில்கள் ஐந்து. நம் மாவட்டத்துத் திருவதிகைக்காரர் மனவாசகங்கடந்தார் ‘உண்மை விளக்கம்’ என்ற நூலில் அந்த ஐந்தையும் கூத்தனின் திருமேனியிலேயே காட்டுகிறார்: உடுக்கையில் படைப்பு, அபயக் கையில் காப்பு, தீயில் அழிப்பு, ஊன்றிய காலில் மறைப்பு, தூக்கிய காலில் அருள். சிற்றம்பலத்தின் முன் நிற்கும்போது எல்லோர் கண்ணும் தூக்கிய திருவடிக்குத்தான் போகும். என் கண் அந்த ஊன்றிய காலிலேயே நின்றுவிடும். பாரம் முழுவதையும் தாங்குவது அதுதானே. உயிர் பக்குவப்படும்வரை மறைத்து வைப்பதும் அருளின் வேலையே என்பது சித்தாந்தம். சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியாரின் நூல்களிலும் அதுவே கொள்கை. சிதம்பரம் கோயிலில் ரகசியத்துக்கு ஒரு திரை. வடலூர் சத்திய ஞான சபையில் ஏழு திரை. தைப்பூசத்தன்று ஒவ்வொன்றாக விலகும். இரண்டு இடத்திலும் விலகுவதற்காகத்தான் திரை. காலையில் திறப்பதற்காக மாலையில் அடைக்கும் கதவும் அப்படித்தான் என்றேன்.

அந்த அம்மா விடவில்லை. “சாமிக்கு நம்மகிட்டேருந்து ஒண்ணும் வேணாம் தம்பி. கோழிய அடைக்கிறவனுக்கு முட்டை வேணும், கறி வேணும்.”

நியாயமான கேள்வி. 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கி, பசித்தவர் எவரானாலும் சோறு போடச் சொன்னவர் வள்ளலார். சபைக்குள் நுழைய மட்டும் கொலையும் புலையும் தவிர்த்திருக்க வேண்டும் என்றார். அவர் வழியில் வந்தவரிடம் மறைப்புத் தொழிலைச் சொல்லி ஒரு பூட்டை நியாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. இறைவனின் மறைப்பில் அவனுக்கென்று ஒன்றும் இல்லை. மனிதன் போடும் அடைப்பில் அவனுக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு பாகத்தையும் வெட்டும் முன்பு, இது யாருக்காக என்று கேட்டுக்கொள்கிறேன்.

அரை அங்குல வெல்டு மெஷ் கோழிக்காக. மலிவான அறுகோண வலையை மரநாய் பிய்த்துவிடும், பாம்பு அதில் புகுந்துவிடும். அடியில் சுற்றிலும் ஓரடி அகலத்துக்கு வலையைத் தரையோடு விரிப்பது பெருச்சாளியும் நாயும் தோண்டாமல் இருக்க. அதுவும் கோழிக்காக. ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அந்தப் பக்கம் முழுச் சுவர். ஆனால் கூரைக்குக் கீழே, கோழியின் தலைக்கு மேலே, காற்று போக இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் எச்சத்தின் நெடியில் மூச்சுத் திணறும். தகரத்தின் மேல் தென்னங்கீற்று போடாமல் நான் கொடுப்பதில்லை. அக்னி நட்சத்திரத்தில் வெறும் தகரத்தின் கீழே கோழியை வைப்பது பாவம், அந்தச் சொல்லை அதன் முழுப் பொருளில்தான் சொல்கிறேன்.

சக்கரமும் கோழிக்காகவே. எச்சத்தோடு விழும் ரத்தக்கழிச்சல் கிருமி, ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் பருவத்துக்கு வந்துவிடும். தினமும் கூண்டை நகர்த்தினால் அதற்குள் கோழி புது மண்ணுக்குப் போயிருக்கும். பகலில் கிளற மண், இரவில் உட்கார உயரத்தில் ஒரு கட்டை. மாலையில் யாரும் அதை விரட்ட வேண்டியதில்லை. இருட்டில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது, பொழுது சாய்ந்ததும் தானாகவே கட்டையில் ஏறிக்கொள்ளும். அது விரும்பி அடைந்த இடத்தைத்தான் நாம் சாத்துகிறோம். அந்த அம்மாவின் முதல் கேள்விக்கு இதுதான் என் பதில், அவரும் ஒப்புக்கொண்டார்.

புயல்தான் கடினம். ஆங்கிளுக்குப் பதில் சதுரக் குழாய் போட்டு, ஒரே ஆள் தள்ளும்படி எடையைக் குறைக்கிறேன். அந்த லேசான எடையே புயல் காற்றில் எமனாகும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துப் போட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆகவே நான்கு மூலையிலும் வளையம், மண்ணில் அடிக்க இரண்டடி முளை, கட்டக் கயிறு. தண்ணீர் ஏறினால் மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். பழைய பஞ்சாரக் கூடையும் நகரும்தான், ஆனால் இந்தக் காற்றுக்கு நிற்காது.

முட்டை எடுக்க வெளியிலிருந்து வைக்கும் சின்னக் கதவு ஒன்றுதான் முழுக்க வளர்ப்பவருக்காக. அதைக் கோழியின் பெயரில் எழுத முடியாது. கத்தியையும் அப்படித்தான். நல்ல கூண்டில் வளர்த்தோம் என்பது அறுப்பதற்குச் சமாதானம் ஆகாது. அதில் வள்ளலார் சொன்னதற்கு எதிராக என்னிடம் ஒரு வாதமும் இல்லை. நானும் கறியை விட்டுவிட்டேன்.

இரவு அறை நாலுக்கு மூன்று அடி, ஆறு கோழிக்கு. அதிலேயே இருபதை அடைக்கத் தட்டு தட்டாகப் போட்டுத் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் கம்பி முழுவதும் வளர்ப்பவரின் கணக்குக்குப் போய்விடும். இன்னொரு கூண்டு செய்துகொள்ளுங்கள் என்கிறேன். சிலர் செய்துகொள்கிறார்கள், சிலர் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள்.