‘நீ’ என்றொரு சொல்

2003 மார்ச் 5 அன்று, கிறிஸ்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு தவக்காலத்தைத் தொடங்கும் விபூதிப் புதன்கிழமையில், பியோ லாகி என்ற எண்பது வயதுக் கர்தினால், போப்பரசர் இரண்டாம் ஜான் பாலின் கடிதத்தைச் சுமந்துகொண்டு, வாஷிங்டனில் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷைக் காணச் சென்றார். அந்த ஊர் அவருக்குப் புதிதன்று. முன்பு அங்கே போப்பரசரின் ஸ்தானாபதியாக இருந்தவர், ஜனாதிபதியின் குடும்பத்தாருக்கு நண்பருங்கூட. ஈராக்கின்மீது படையெடுக்க வேண்டாம் என்று கேட்கப் போன தூது அது. பதினைந்து நாள் கழித்துப் பாக்தாதில் குண்டுகள் விழுந்தன.

அந்தத் தூது ஏன் பலிக்கவில்லை என்பதற்கு அரசியல் அறிந்தோர் பல காரணங்கள் சொல்வர். அவற்றை அவர்களிடமே விட்டுவிட்டு, என் மனத்தை நெடுநாளாக அரித்துவரும் வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு யுத்தம் எந்தக் கணத்தில் பிறக்கிறது? முதல் குண்டு வெடிக்கும் கணத்திலா, அன்றி அதற்கு வெகுகாலம் முன்பே, எவரோ ஒருவர் கரகோஷத்தின் நடுவே ஒரு சொல்லை உச்சரித்த கணத்திலா? மனம், வாக்கு, காயம் என்னும் திரிகரணங்களாலும் பாவம் நேரும் என்று நம் பெரியோர் வகுத்தபோது, நடுவிலிருக்கும் வாக்கை, மனத்தின் விருப்பத்தைக் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏவலாளாக மட்டும் அவர்கள் கருதவில்லை. தானே வினை செய்யவல்ல கரணமாகவே கருதினர். நியாயஸ்தலங்களோ பெரும்பாலும் காயத்தின் கணக்கோடு நின்றுவிடுகின்றன.

2002 ஜனவரி 29 அன்று அமெரிக்கக் காங்கிரஸில் நிகழ்த்திய உரையில் புஷ், ஈராக், ஈரான், வடகொரியா ஆகிய மூன்றையும் ‘தீமையின் அச்சு’ என்றார். இரண்டாம் உலக யுத்தத்தின் அச்சு நாடுகளை நினைவூட்டவே அச்சு என்ற சொல் வந்தது என்பது வெளிப்படை. ஆனால், உரை தயாரித்தவர்களுள் ஒருவரான டேவிட் ஃப்ரம் முதலில் எழுதியது ‘துவேஷத்தின் அச்சு’ என்றும், அவருக்கு மேலிருந்த மைக்கேல் கெர்சன், ஜனாதிபதியின் வாயில் சமய வாசனையுள்ள சொல்லே பொருந்தும் என்று கருதித் துவேஷத்தைத் தீமையாக மாற்றினார் என்றும் ஃப்ரம்மே பின்னர் எழுதியிருக்கிறார். ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்ததில் என்ன வந்துவிட்டது என்று கேட்கலாம். துவேஷம் மனிதனைப் பற்றும் நோய். அது தணியக்கூடும், தணிவிக்க முயலவும் கூடும். தீமை என்று பெயரிட்டுவிட்டாலோ, எதிரே நிற்பவன் நோயாளி அல்லன், நோயே ஆகிவிடுகிறான். நோயோடு எவர் சந்தி பேசுவர்? அதன்பின் சமாதானத்தை நாடுவது விவேகமன்று, அதர்மம் என்றாகிவிடுகிறது.

இதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2001 செப்டம்பரில், அதே அரசாங்கம் தன் படை நடவடிக்கைக்கு ‘எல்லையற்ற நீதி’ என்று பெயர் சூட்டி, அத்தகைய நீதி ஆண்டவன் ஒருவனுக்கே உரியது என்று இஸ்லாமிய அறிஞர்கள் ஆட்சேபித்ததும் சில நாட்களிலேயே அதை மாற்றிக்கொண்டது. திருத்திக்கொள்ளும் விவேகம் அப்போது இருந்தது, அதை மறுக்கலாகாது. எதிர்ப்பக்கமும் சளைத்ததன்று. மதச்சார்பற்ற கட்சியொன்றின் தலைவராக ஆட்சிக்கு வந்த ஈராக்கின் சதாம் ஹுசேன், 1991இல் வளைகுடா யுத்தம் நெருங்கியதும் தேசக் கொடியில் இறைவனின் பெருமையைப் பொறித்தார்; வரவிருந்த போரைப் போர்களுக்கெல்லாம் தாய் என்று வர்ணித்தார். ஆண்டவனை இருவருமே சாட்சிக்கு அழைத்தனர்.

இவ்வாறு சபையறியச் சொன்ன சொல் மெல்ல மெல்லப் பிரதிக்ஞையாகிவிடுகிறது. 2003இல் லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் குவைத்து மணலில் வந்து இறங்கிய பிறகு, சொன்னதைச் செய்யாமல் திரும்புவது அவமானம் என்ற எண்ணமே ஒரு காரணமாகி நிற்கிறது. சொன்ன சொல்லைக் காப்பது தர்மமல்லவா?

இக்கேள்விக்கு, மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில், போரின் பதினேழாம் நாள் ஒரு விசித்திரமான விடை இருக்கிறது. கர்ணனிடம் அடிபட்டுப் பாசறையில் கிடந்த யுதிஷ்டிரர், அவனைக் கொல்லாமலே தம்மைப் பார்க்க வந்த தம்பியைக் கண்டு மனம் கசந்து, காண்டீவத்தை வேறொருவனிடம் கொடுத்துவிடு என்று ஏசுகிறார். அப்படிச் சொல்பவனைக் கொல்வேன் என்று இரகசியமாக விரதம் பூண்டிருந்த அர்ச்சுனன் அண்ணன்மீது வாளை உருவுகிறான். கண்ணன் தடுத்து, கௌசிகன் கதையைச் சொல்கிறான்: பொய்யே பேசுவதில்லை என்று நோன்பிருந்த அத்தவசி, ஒளிந்தோடியவர்கள் போன வழியைக் கள்வர்களுக்கு உண்மையாகவே காட்டிக்கொடுத்து, அந்தச் சத்தியத்தாலேயே நரகம் புகுந்தான். பிறகு விரதத்துக்கு ஓர் உபாயமும் கூறுகிறான்: மரியாதைக்குரிய மூத்தவரை ‘நீ’ என்று ஒருமையில் அழைத்துவிடு, அதுவே அவரைக் கொன்றதாகும். அர்ச்சுனன் அப்படியே ஏசுகிறான். ஏசிய துயரம் தாளாமல் தன்னையே வெட்டிக்கொள்ள வாளை எடுக்கிறான். கண்ணன் மறுபடியும் தடுத்து, உன் பெருமைகளை உன் வாயாலேயே சொல்லிக்கொள், அதுவே தற்கொலை என்கிறான்.

பிறரை இழித்தல் கொலை, தன்னைப் புகழ்தல் தற்கொலை! யுத்தத்துக்கு முந்திய மேடைப் பிரசங்கம் எதையாவது எடுத்துப் பிரித்துப் பாருங்கள். இவ்விரண்டும் போக மிஞ்சுவது சொற்பமே. ஆனால் கண்ணன் வாளுக்குப் பதிலாகக் கொடுத்ததை இக்காலத்தார் வாளுக்குக் கட்டியங்காரனாக்கிவிட்டனர். (கண்ணனும் அன்று சமாதானத் தூதுவனல்லன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அண்ணன் தம்பி சண்டை தீர்ந்த கையோடு, கர்ணனைக் கொல்லவே அவன் தேரை ஓட்டினான்.)

அப்படியானால் கொடியவனைக் கொடியவன் என்று சொல்லவே கூடாதா? 1988இல் ஈராக்கின் ஹலப்ஜாவில் சதாமின் படை ஏவிய விஷவாயுவால் ஆயிரக்கணக்கான குர்து மக்கள் மாண்டார்கள். அதைச் சொல்லாமலிருப்பதும் வாக்கின் பாவமே. இந்த ஆட்சேபத்தை என்னால் முற்றும் தள்ள முடியவில்லை. ஆயினும் ஹலப்ஜாவைச் சொல்வது நடந்த செயலைச் சொல்வது; தீமை என்று பெயரிடுவதோ இனி நடக்கவிருப்பதற்கு முன்கூட்டியே மன்னிப்பு வாங்கி வைத்துக்கொள்வது. எந்தப் பேரழிவு ஆயுதங்களைக் காட்டி யுத்தம் தொடங்கினார்களோ, அவற்றின் கிடங்குகள் ஈராக்கில் இல்லை என்று 2004இல் அமெரிக்கர்களின் சொந்த ஆய்வுக்குழுவே அறிவித்தது.

2003 பிப்ரவரி 15 அன்று ரோமிலும் லண்டனிலும் லட்சக்கணக்கான ஜனங்கள் யுத்தம் வேண்டாம் என்று தெருவில் இறங்கினார்கள். படையெடுப்புக்கு இன்னும் ஏறத்தாழ ஐந்து வாரம் இருந்தது. கண்ணால் கண்டதற்காக அல்ல, ஓராண்டாகக் காதால் கேட்டுவந்ததற்காகவே அவர்கள் நடந்தார்கள். மூன்று நாள் முன்பு அமெரிக்க செனட் சபையில், எண்பத்தைந்து வயது ராபர்ட் பர்ட் எழுந்து நின்று, ஒரு தேசம் போரின் விளிம்பில் நிற்கும்போது இந்த மண்டபம் இப்படி வாய் மூடிக் கிடக்கிறதே என்று அங்கலாய்த்தார். யுத்தத்துக்கு அதிகாரம் அளித்து 77 பேர் வாக்களித்திருந்த சபை அது.