கூலியும் கடனும்

செஞ்சிக் கோட்டையின் மதில்கள் பல கொடிகளைக் கண்டவை. நாயக்கர்களுக்குப் பின் பீஜப்பூர் சுல்தானின் கொடி அங்கே பறந்தது. 1677-இல் சிவாஜியும், நெடிய முற்றுகைக்குப் பின் 1698-இல் முகலாயரும், 1750-இல் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் அதைக் கைக்கொண்டனர். அக்காலப் போர்களில் சம்பளம் தருபவனுக்காக வாள் ஏந்தியவர்கள் ஏராளம். நாளை வேறொருவன் கூடுதலாகத் தந்தால், வாள் அவன் பக்கம் திரும்பும். இத்தகையோரைச் சுட்ட நம் மொழியில் வழங்கும் 'கூலிப்படை' என்னும் சொல்லில் ஓர் இகழ்ச்சி ஒலிக்கிறது. சீயமங்கலம், தேசூர்ப் பக்கத்தில் வாழும் நமக்குச் செஞ்சி மலைகளைப் பார்க்கும்போதெல்லாம் அச்சொல் நினைவுக்கு வருவதுண்டு.

அச்சொல்லை விளையாட்டு வீரர்கள்மீதும் சிலர் வீசுகின்றனர். பிறநாட்டு அணிக்காகப் பணம் பெற்று ஆடுகிறவன் தன் கலையை விற்கிறான் அன்றோ? அவனுக்கு நாட்டுப்பற்று எங்ஙனம் இருக்கும்? இவ்வினாவை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. விளையாட்டரங்கோடு நின்றுவிடும் வினாவும் அன்று இது. பிழைப்புத் தேடிக் கடல் கடந்த ஒவ்வொரு மகனைப் பற்றியும், ஒவ்வொரு மகளைப் பற்றியும் ஊர் மெல்லக் கேட்கும் வினா இதுவே.

ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளையை எண்ணிப் பார்ப்போம். அவர் 1968-இல், புனேயை அடுத்த கட்கியில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை அங்குள்ள படைக்கலத் தொழிற்சாலையின் விளையாட்டுத் திடலைப் பராமரித்தவர். பிறர் எறிந்த உடைந்த மட்டைகளைக் கொண்டு ஆடப் பழகிய சிறுவன், 1989-இல் இந்திய அணியின் முன்கள வீரரானார். நான்கு ஒலிம்பிக் போட்டிகள், நான்கு உலகக் கோப்பைகள், நான்கு ஆசிய விளையாட்டுகள் என 2004 வரை அப்பயணம் நீண்டது. அதனூடே இலண்டனின் இந்தியன் ஜிம்கானா, பிரான்சின் லியோன், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் கிக்கர்ஸ், மலேசியாவின் டெலிகாம் மலேசியா, டாக்காவின் அபகானி ஆகிய அணிகளுக்கும் அவர் ஆடினார். இவரைக் கூலிப்படை வீரர் என்று சொல்லலாமா?

கூலி வாங்கினால் விளையாட்டு தீட்டுப்படும் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் காண வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஹென்லி நகரின் புகழ்பெற்ற படகுப் போட்டியில், பணத்துக்காகப் போட்டியிட்டவர்களோடு கைத்தொழிலாளரையும் கூலியாட்களையும்கூடச் சேர்க்க விதி இடந்தரவில்லை. உழைக்காமலே உண்ண முடிந்தவர்கள் வகுத்த தூய்மை அது! உடைந்த மட்டையோடு தொடங்கிய சிறுவனிடம் போய், 'கூலியின்றி ஆடு. அதுவே உயர்வு' என்று சொல்வது அறவுரை ஆகாது. வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு உண்ணாநோன்பின் பெருமையை ஓதுவதற்கு ஒப்பாகும் அது.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்வினாஸ் இதில் தெளிவாக இருந்தார் என்பது வியப்புக்குரியது. மனித வாழ்வுக்கு ஆட்டமும் ஓய்வும் தேவை. எனவே பிறரை மகிழ்விக்கும் தொழில் தன்னளவில் குற்றமுடையது அன்று. அத்தொழிலை அளவோடு செய்வோருக்குக் கூலி கொடுப்பவர் நீதியையே செய்கிறார் என்பது அவரது கருத்து. கூலியை அவர் நீதியின் பக்கம் வைத்தார். அது இரக்கத்தால் இடும் பிச்சையும் அன்று, இழிவின் அடையாளமும் அன்று.

அவரே இன்னொன்றையும் கற்பித்தார். சில கடன்கள் திருப்பிக் கொடுத்ததும் தீர்ந்துவிடும். வேறு சில கடன்களை எவ்வளவு கொடுத்தாலும் சமன் செய்ய இயலாது. பெற்றோருக்கும் பிறந்த நாட்டுக்கும் நாம் பட்டிருப்பது இந்த இரண்டாம் வகைக் கடன். கூலி முதல் வகையைச் சேர்ந்தது: இத்தனை ஆட்டம், இத்தனை பணம், கணக்கு முடிந்தது. இப்படிப் பார்த்தால், கூலி வாங்குவது கூலிப்படையாளின் குற்றம் அன்று. கூலிக்கு அப்பால் எவர்க்கும் எந்தக் கடனும் இல்லை என்று வாழ்வதே அவன் குறை.

தன்ராஜின் வாழ்வில் இவ்விரு கணக்குகளும் தனித்தனியே ஓடின. லியோனில் ஆடியவர் உழைப்பைக் கொடுத்துக் கூலி பெற்றார். அதில் வஞ்சனை ஏதும் இல்லை. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் நிகழ்ந்ததோ வேறு. போலந்துக்கு எதிரான ஆட்டத்தில் முன்னிலையில் இருந்த இந்தியா, இறுதி நிமிடங்களில் ஒரு கோல் வாங்கி, அரையிறுதி வாய்ப்பை இழந்தது. அன்று தன்ராஜ் வடித்த கண்ணீரைக் கூலிக் கணக்கில் எழுத முடியுமா? ஒலிம்பிக் பதக்கம் ஒன்றும் அவர் கைக்கு எட்டவில்லை. 2007-இல் வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்று நூலின் ஆங்கிலத் தலைப்பு, அம்மாவிடம் மன்னிப்பை வேண்டுகிறது. தீர்க்க இயலாத கடன் உண்டென்று உணர்ந்தவருக்கே அத்தலைப்புப் பொருந்தும்.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. 1998 டிசம்பரில், பாங்காக் ஆசிய விளையாட்டில், தன்ராஜ் தலைமையிலான அணி தென்கொரியாவை வென்று, 1966-க்குப் பின் முதன்முறையாக ஹாக்கியில் தங்கம் கொணர்ந்தது. வெற்றிக்குப்பின் அவரும் மூத்த வீரர் அறுவரும் அணியில் இடம்பெறவில்லை. 'ஓய்வு' என்பது அதிகாரபூர்வமான விளக்கம். வீரர்களுக்குரிய பணத்தைப் பற்றிக் குரல் எழுப்பியதன் விளைவு என்றே பலரும் அதைப் புரிந்துகொண்டனர். பின்னர் 1999-2000 ஆண்டுக்கான கேல் ரத்னா விருதும் பத்மஸ்ரீயும் அவருக்கு வழங்கப்பட்டன. விருது நல்லதே, எனினும் விருது கூலிக்கு ஈடாகாது. 'நீ நாட்டுக்குக் கடன்பட்டவன்' என்று சொல்லி அவனுக்குரிய கூலியைக் குறைப்பது, இரண்டாம் கடனைக் காட்டி முதல் கடனை ஏய்ப்பதாகும். நாட்டுப்பற்றின் பெயரால் செய்தாலும் அநீதி அநீதியே.

கடனை வன்முறையால் வாங்க முனைந்த நாட்டின் கதையும் நம் காலத்தில் உண்டு. பனித்தள ஹாக்கியில் சோவியத் வீரர்கள் பலர் படை அணியின் கட்டுப்பாட்டில் ஆடினர். 1989-இல் அவ்வணியின் இளம் முன்கள வீரர் அலெக்சாண்டர் மொகில்னி, ஸ்டாக்ஹோமில் அணியைவிட்டு நீங்கி, அமெரிக்காவின் பஃபலோ அணியில் சேர்ந்தார். கதவைப் பூட்டி அன்பைக் காக்க எண்ணிய நாடு, பூட்டை மட்டுமே காத்தது. ஒருவரைப் போகவும் வரவும் விடுகிற நாடே, அவர் தம் விருப்பத்தோடு திரும்பி வந்து ஆடுவதைக் காணும் பேறு பெறும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளும் கடல் கடக்கின்றனர். அவர்களை அளக்க, 'எங்கே சம்பாதிக்கிறான்?' என்ற வினா போதாது. தீராத கடனை இன்னும் நெஞ்சில் சுமக்கிறானா என்று கேட்போம். அவ்வாறு கேட்கும் முன், தீர்க்கக்கூடிய கடனை, அவன் உழைப்புக்குரிய கூலியை, நாம் தீர்த்துவிட்டோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். பாக்கி வைத்திருப்பவர் பற்றைப் பற்றிப் பேசும்போது, கேட்பவர் காதில் முதலில் விழுவது அந்தப் பாக்கியின் ஓசைதான்.