கூலியும் கொடையும்

எங்கள் பங்குத் திருவிழாவில், கொடியேற்றத்துக்கு மறுநாள் முதல் கோவில் வளாகத்தில் சிறுசிறு கடைகள் முளைத்துவிடும். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வரிசையில் எங்கள் பெண்கள் குழுவுக்கும் ஒரு மேசை கிடைத்தது. குரோஷா ஊசியால் நாங்கள் பின்னிய வட்ட விரிப்புகளையும், குழந்தைத் தொப்பிகளையும், செபமாலைப் பைகளையும் அதன்மீது அடுக்கியிருந்தோம். அம்மையார் ஒருவர் ஒரு விரிப்பைக் கையில் எடுத்து விலை கேட்டார். அதைப் பின்னிய சகோதரி, "300 ரூபாய்" என்றார். "வெறும் நூலுக்கா 300 ரூபாய்?" என்று அந்த அம்மையார் விரிப்பைக் கீழே வைத்தார். வந்தவர் வெறுங்கையோடு போய்விடக் கூடாதே என்ற அவசரத்தில், நான் பின்னிய விரிப்பை எடுத்து நீட்டினேன். "இதை 150 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கிற நேரத்தில் பின்னியதுதானே!" என்றேன். அவர் மகிழ்ச்சியோடு வாங்கிச் சென்றார்.

அன்று மாலைக்குள் என்னுடைய விரிப்புகள் அனைத்தும் விற்றுவிட்டன. 300 ரூபாய் விரிப்புகளில் ஒன்றுகூட விற்கவில்லை. கடையைக் கட்டும்போது அந்தச் சகோதரி தம் விரிப்புகளை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார்: "டீச்சரம்மாவுக்கு மாசம் பிறந்தா பென்ஷன் வருது. எனக்கு இந்த ஊசிதான் பென்ஷன்." அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை அவர் குழுவுக்கு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

நான் செய்தது தவறா? யாரிடமும் நான் பொய் சொல்லவில்லை, எவரையும் ஏமாற்றவில்லை. என் பொருளை, என் விருப்பப்படி, குறைந்த விலைக்குக் கொடுத்தேன். அதைத் தாராள மனம் என்றுகூட அன்று நான் எண்ணிக்கொண்டேன். இருந்தும் அந்த மெல்லிய சொல் என்னை நெடுநாள் உறுத்தியது. அந்த உறுத்தலின் காரணத்தைத் தேடிச் சென்ற எண்ணங்களையே இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் குழுவைப்பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சனிக்கிழமை பிற்பகல்களில் என் வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். பணி ஓய்வு பெற்ற ஆசிரியைகள், இல்லத்தரசிகள், கைப்பேசியில் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்த கல்லூரி மாணவி ஒருத்தி, கைம்பெண்கள் இருவர். வரிசையின் நடுவில் ஒருவர் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருந்தால், எத்தனை சுவையான ஊர்க்கதையாயினும் அவர் எண்ணி முடிக்கும்வரை பாதியில் நிற்கும். ஒருவர் கண்ணுக்குத் தப்பிய பிழை அடுத்தவர் கண்ணில் படும். "அக்கா, நாலு வரிசைக்கு முன்னால ஒரு கண்ணி விட்டுப்போச்சு" என்று தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். பிழை சொன்னவருக்கு நன்றி கூறிவிட்டு, நாலு வரிசையையும் பிரித்து மறுபடி பின்னுவதே எங்கள் வழக்கம்.

ஊசிக்கும் நூலுக்கும் முன்னால் நாங்கள் அனைவரும் சமம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் ஒரே திண்ணையில், ஒரே வகை ஊசியை ஏந்தியிருந்தபோதும், சிலருக்கு அது பொழுதுபோக்கு. சிலருக்கு அது அடுப்பெரியும் வழி. இந்த வேறுபாட்டை நான் கண்டுகொள்ளவே இல்லை. கண்டுகொள்ள வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை என்பதே உண்மை.

திருவிழா முடிந்தபின் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் அடி அகலமுள்ள விரிப்புக்கு நூல் ஏறத்தாழ 80 ரூபாய். பின்னி முடிக்க எனக்கு எட்டு மணி நேரம் ஆகும். அந்தச் சகோதரி கேட்ட 300 ரூபாயில் நூல் விலை போக மிஞ்சுவது 220. மணிக்கு 27 ரூபாய் சொச்சம். அதுவே குறைவான கூலி. நான் வாங்கிய 150 ரூபாயில் மிஞ்சியது 70. மணிக்கு 9 ரூபாய்கூட இல்லை. அந்தக் கூலிக்கு என் வீட்டு முற்றத்தைப் பெருக்க ஓர் ஆளைக் கூப்பிட எனக்கு மனம் வருமா? வராது. ஆனால் அதே கூலியைத்தான் இந்த வேலையின் மதிப்பு என்று ஊரறிய அறிவித்துவிட்டேன்.

'சும்மா இருக்கிற நேரம்' என்ற சொல்லை நான் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன்! அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. குரோஷா என்பது பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கியைக் குறிக்கும். 1845-ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதைத் தொடர்ந்து வந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் மக்கள் மாண்டனர். அந்நாள்களில் கார்க் நகரின் அருகே பிளாக்ராக்கில் இருந்த உர்சுலைன் கன்னியர், ஏழைப் பெண்களுக்கு இந்தக் கொக்கி ஊசி வேலையைக் கற்றுக்கொடுத்தனர். வடக்கே குளோன்ஸ் என்ற ஊரில், ஆங்கிலிக்கன் சபைக் குருவின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் அம்மையார், 1847-இல் இதே பணியைத் தொடங்கினார். வெனிஸ் நகரத்து ஊசி லேஸ் பின்ன மிக நீண்ட காலம் பிடிக்கும். அதன் அழகை ஒத்த வேலைப்பாட்டைக் கொக்கி ஊசியால் விரைவாகச் செய்து முடிக்கலாம். செல்வர் வீட்டுப் பெண்களின் கழுத்துப்பட்டியாக அது விலைபோயிற்று. பின்னிய கைகளுக்கு அது மாவும் ரொட்டியுமாயிற்று. சில குடும்பங்களுக்கு அமெரிக்கா செல்லும் கப்பல் கட்டணமும் ஆயிற்று. அந்தப் பெண்கள் ஓய்வு நேரத்தைப் போக்கப் பின்னவில்லை; உயிர் பிழைக்கப் பின்னினார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரிப் பகுதியிலுள்ள நர்சாப்பூர், குரோஷா லேஸுக்குப் பெயர்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறைபரப்பாளர்கள் வழியாக அங்கே வந்த கலை அது. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அங்கு தங்கி ஆய்ந்து, 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தப் பெண்கள் வீட்டு வேலைகளுக்கு மேலாக நாள்தோறும் ஆறு முதல் எட்டு மணி நேரம் லேஸ் பின்னினர். அது கடல் கடந்து ஏற்றுமதியானது. ஆனால் அவர்கள் பெற்றதோ, சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலியைவிட மிகக் குறைவு. இதற்கு அவர் காட்டிய முக்கியமான காரணங்களுள் ஒன்று இது: அவர்களை எவரும் தொழிலாளிகள் என்று சொல்லவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறார்கள் என்றே வணிகரும், கணவரும், ஏன், அப்பெண்களுமே சொன்னார்கள். உழைப்புக்கு ஓய்வு என்று பெயர் சூட்டிவிட்டால், அதற்குக் கூலி கேட்பது பேராசைபோல் தோன்றும் அல்லவா? நர்சாப்பூர் வணிகர்கள் சொன்ன அதே சொல்லைத்தான் நான் என் பங்குத் திருவிழாவில் சொன்னேன்.

இன்னொன்றும் எண்ணத் தக்கது. ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் உண்டு. சாதாரண லேஸ் நெய்யவும் இயந்திரம் உண்டு. ஆனால் உண்மையான குரோஷாப் பின்னலை வணிக அளவில் செய்யும் இயந்திரம் இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. இந்தப் பின்னலில் ஊசி எந்தக் கண்ணிக்குள்ளும், எந்தத் திசையிலும் நுழைந்து திரும்ப வேண்டும். அதற்கு விரலும் கண்ணும் சேர்ந்து உழைக்க வேண்டும். அப்படியானால், பெரிய கடைகளில் தொங்கும் மலிவான குரோஷா மேலாடை ஒவ்வொன்றுக்கும் பின்னால், எங்கோ ஒரு கை அத்தனை கண்ணிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டிருக்கிறது. மற்றப் பொருள்களின் விலை குறைந்தால், இயந்திரம் குறைத்தது என்று நம்மைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே அந்தத் தேறுதலுக்கு இடமில்லை. விலை பாதியானால், பெரும்பாலும் யாரோ ஒருவருடைய கூலிதான் பாதியாகியிருக்கும்.

"விற்பவரே ஒப்புக்கொண்ட விலைதானே, அதில் என்ன அநீதி?" என்று கேட்கலாம். அன்று நான் என் மனத்துக்குச் சொல்லிக்கொண்ட சமாதானமும் இதுவே. ஆனால் 13-ஆம் லியோ திருத்தந்தை, 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலில் இந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. இருவரும் ஒத்துக்கொண்டார்கள் என்பதால் மட்டும் ஒரு கூலி நீதியானதாகிவிடாது. உழைப்பவர் சிக்கனமாக வாழ்வதற்கேனும் அது போதுமானதாயிருக்க வேண்டும் என்பது அவர் போதனை. பசியால் ஒப்புக்கொள்வதை மனமார ஒப்புக்கொள்வது என்று சொல்ல முடியாது. என் நிலையோ இன்னும் வேறு. எனக்குப் பசியும் இல்லை; தேவையும் இல்லை. தேவையற்ற நான் விலையைக் குறைத்ததால், தேவையுள்ள ஒருவரும் குறைத்தாக வேண்டிய நிலை உண்டாயிற்று.

அப்படியாயின், எல்லாவற்றையும் விலை பேசித்தான் தீர வேண்டுமா? அன்புக்காகப் பின்னுவது பிழையா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஏனெனில் இந்தக் கலை பரவியதே கொடுக்கும் கைகளால்தான். டென்மார்க்கில் 2013-இல், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காக எண்காலிப் பொம்மைகளைக் குரோஷாவில் பின்னிக்கொடுக்கும் வழக்கம் தொடங்கியது. பொம்மையின் சுருண்ட கால்களைக் குழந்தை பற்றிக்கொள்ளும். அவை தொப்புள்கொடியை நினைவூட்டும் என்பது பின்னுவோரின் நம்பிக்கை. அவ்வழக்கம் விரைவில் பல நாடுகளுக்கும் பரவியது. சென்னையில் 2016 ஜனவரியில், 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழுவைச் சேர்ந்த பெண்கள், பல ஊர்களிலிருந்து பின்னி அனுப்பிய துண்டுகளை இணைத்து, 11,148 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்புள்ள விரிப்பை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தனர். முகம் அறியாத பெண்கள் ஒரு நூலால் ஒன்றானார்கள். அவர்களில் எவரும் கூலிக்குப் பின்னவில்லை. அதற்காக யாருடைய பிழைப்பும் கெடவில்லை.

இங்கேதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. கொடை வேறு, விலைக்குறைப்பு வேறு. தேவையிலிருக்கும் ஒருவருக்கு, முழுவதையும், கைம்மாறு கருதாமல் அளிப்பது கொடை. நான் செய்தது அதுவன்று. வசதியுள்ள ஓர் அம்மையாருக்கு 150 ரூபாய் மிச்சமாயிற்று, அவ்வளவே. அவருக்கு அந்தச் சலுகை தேவைப்படவில்லை. அச்சலுகையின் செலவை ஏற்றவளும் நானல்லேன். மடித்த விரிப்புகளோடு வீடு திரும்பிய அந்தச் சகோதரிதான் ஏற்றார். பிறர் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, தாராள மனம் என்ற பெயரை நான் வைத்துக்கொண்டேன்.

இவ்வாறு எண்ணும்போது கோவிலைப்பற்றிய ஒரு நினைவும் எழுந்தது. எங்கள் பீடத் துணியின் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை லேஸ் தொங்குகிறது. அதைப் பின்னியவரும் அந்தச் சகோதரிதான். மூன்று மாத உழைப்பு. காணிக்கையாகக் கேட்டோம், முகம் மலரக் கொடுத்தார். ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகளைப்பற்றிய நற்செய்தியைக் கேட்கும்போதெல்லாம் நாம் அவளைப் புகழ்கிறோம். தன் பிழைப்புக்கு இருந்த அனைத்தையும் போட்டுவிட்டவள், அன்றிரவு என்ன உண்டாள் என்று நாம் கேட்பதுண்டா? அவருடைய காணிக்கையை மறுக்க எனக்கு உரிமை இல்லை; அது அவருக்கும் இறைவனுக்கும் இடையிலுள்ளது. ஆனால் கேட்டவர்களாகிய எங்களுக்கு ஒரு கடமை இருந்தது. குறைந்தது நூலையாவது நாங்கள் வாங்கிக் கொடுத்திருக்கலாம். அவர் மறுப்பின்றிக் கொடுத்ததால், அது எங்கள் நினைவுக்கே வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்பது, வகுப்பறையில் நாற்பது ஆண்டு பிறருக்குத் திருத்தம் சொன்னவளுக்கு எளிதன்று. நான் தொடங்குமுன்பே அவர், "விடுங்க டீச்சரம்மா, காப்பி குடிங்க" என்றார். ஆயினும் நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தேன். பிறகு சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டோம். பொருள் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துவைப்பது. இதை நம்பிப் பிழைப்பவர் சொல்லும் விலையே எங்கள் அனைவருக்கும் விலை. அதற்குக் கீழே எவரும் விற்பதில்லை. கொடுக்க விரும்பினால் இலவசமாகவே கொடுப்போம். அதுவும் வாங்க இயலாதவருக்கு. அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்பிகள் அந்த வழியில்தான் போகின்றன.

இந்த ஒழுங்கால் எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அடுத்த திருவிழாவில் எங்கள் மேசையில் விற்பனை குறைந்தது. "போன வருஷம் மலிவாக் கொடுத்தீங்களே!" என்று சிலர் முகம் சுளித்தனர். நான் கெடுத்த விலை அவர்கள் நினைவிலிருந்து போகச் சில ஆண்டுகள் ஆகலாம்.

ஆனால் அந்தச் சகோதரி மீண்டும் திண்ணைக்கு வந்தார். அன்று நான் பின்னிக்கொண்டிருந்த விரிப்பை வாங்கிப் பார்த்து, "ஆறாவது வரிசையில ஒண்ணு விட்டிருக்கீங்க" என்றார். பிரித்தேன். பிரித்த நூல் நேராக நிற்கவில்லை. பழைய கண்ணிகளின் வளைவு அதில் அப்படியே இருந்தது. "நனைச்சுக் காயப்போட்டா நேராயிரும். ஒரு நாளாவும்" என்றார் அவர். நான் ஊசியை எடுத்து, இம்முறை வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன். நான் எண்ணி முடிக்கும்வரை திண்ணையில் எல்லாரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள்.