நாய்க்கு அருள், உண்ணிக்கு?

திருப்புறத்திலிருந்து பாறசாலை வரைக்கும் உள்ள தென்னம் புரையிடங்களில் நாய்க் கணக்கு பெரும்பாலும் ஒன்றோடு நிற்பதில்லை. காவலுக்கென்று ஒன்றை வளர்ப்பார்கள். அது குட்டி போடும். யாரோ சந்தையடியில் விட்டுப்போன இன்னொன்று மழைக்குத் திண்ணையில் ஒதுங்கும். மழை விட்ட பிறகும் போகாது. நாலைந்து ஆன பிறகுதான் தாம் வளர்ப்பது நாய்களை மட்டுமல்ல என்று வீட்டுக்காரருக்குத் தெரியவரும். காதுமடலுக்குள் கொத்தாக உண்ணி, முதுகில் தெள்ளு, குடலில் கொக்கிப்புழு. இரக்கப்பட்டுச் சோறு வைத்த கைக்கு இனிக் கொல்லும் வேலையும் இருக்கிறது. வீட்டில் பூசையும் செபமும் உள்ளவர்களுக்கு இது சங்கடமாகத்தான் இருக்கும்: நாய்க்கு உள்ள உயிர் உண்ணிக்கும் உண்டே?

இந்தக் கேரள-தமிழக எல்லைப்புறத்துக்கு அது புதிய கேள்வி அல்ல. நெய்யாற்றங்கரைக்குப் பக்கத்து அருவிப்புறத்தில், 1888 சிவராத்திரி இரவில், நாராயண குரு ஆற்றில் மூழ்கி எடுத்த கல்லைச் சிவனாக நிறுவினார். அவரே உயிரிரக்கத்துக்கென்று தனியாக இரண்டு சிறுநூல்கள் எழுதினார்: ஐந்து பாட்டில் ‘ஜீவகாருண்ய பஞ்சகம்’, பத்துப் பாட்டில் ‘அனுகம்பா தசகம்’. அவருடைய மூத்த தோழர் சட்டம்பி சுவாமிகள், ஓர் அதிகாரி வீட்டு விருந்துக்குத் தெருநாய்களைக் கூட்டிக்கொண்டு போய் இலை போடச் சொன்னாராம். திருவனந்தபுரம் பக்கம் இன்றும் சொல்லப்படும் கதை. இலை போட்டது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த நாய்களின் காதில் என்ன இருந்தது என்று கதை சொல்வதில்லை. தருமபுத்திரரின் பின்னால் இமயம் ஏறிய நாயைப் பற்றியும் அந்தத் தகவல் இல்லை.

‘அனுகம்பா தசகம்’ எறும்புக்குக்கூடத் துன்பம் வராத அருளைக் கேட்டுத் தொடங்குகிறது. அதை மட்டும் படித்தவர் உண்ணிமேல் கைவைக்கத் தயங்குவார். ஆனால் நூலின் பிற்பகுதியில் குரு அருளாளர்களை வரிசையாக நினைக்கும்போது, திருநீற்றால் காய்ச்சலைத் தணித்தவரும், வயிற்றுநோவு தீரப் பாடியவரும் வருகிறார்கள்; சம்பந்தரும் அப்பரும். துன்பம் செய்யாமல் இருப்பதோடு அருள் முடிந்துவிட்டால் நோய் தீர்த்தவர்களுக்கு அந்த வரிசையில் வேலை இல்லை. இருவகை அருளும் ஒரே பத்துப் பாட்டுக்குள் இருப்பதை நாய் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

எல்லையைத் தாண்டி மார்த்தாண்டம் பக்கம் போனால் சிதறால் மலை. இன்று பகவதி கோயிலாக இருந்தாலும், பாறையில் தீர்த்தங்கரர் சிற்பங்களும், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் அது சமணப் பள்ளியாக இருந்ததைச் சொல்கின்றன. உயிர்க்கொலையைப் பற்றி மற்ற எவரையும்விட நுணுக்கமாகக் கணக்குப் போட்டவர்கள் சமணர்கள். புழுவுக்கு இரண்டறிவு, எறும்புக்கும் பேனுக்கும் மூன்று, நாய்க்கு ஐந்து. தொல்காப்பிய மரபியலும் எறும்பை மூவறிவில்தான் வைக்கிறது. துறவிக்கு எல்லா உயிர்க்கொலையும் விலக்கு. இல்லறத்தாருக்கு அப்படியில்லை. வேண்டுமென்றே செய்யும் கொலையைத்தான் அவர்கள் அறவே விட வேண்டும். வீட்டுவேலையிலும் தொழிலிலும் தற்காப்பிலும் நேரும் கொலையைக் கூடியவரை குறைத்தால் போதும். நாயின் உண்ணியைத் தற்காப்பில் சேர்ப்பதா, வீட்டுவேலையில் சேர்ப்பதா என்று வாதாட இடமிருக்கிறது. வேண்டுமென்றே செய்யும் கொலையில் சேர்ப்பது கடினம்.

பௌத்தர்களிடம் இதே கேள்விக்கு ஒரு கதை இருக்கிறது. காந்தார நாட்டு அசங்கர், வருங்காலப் புத்தரான மைத்ரேயரைக் காணப் பன்னிரண்டு ஆண்டு தவம் கிடந்து, காணாமல் வெறுத்துத் திரும்பும் வழியில், பின்னுடல் அழுகிப் புழு நெளியும் நாயொன்றைப் பார்க்கிறார். புழுவை எடுக்காவிட்டால் நாய் சாகும். எடுத்துப்போட்டால் புழு சாகும். தன் தொடையை அறுத்துப் புழுவுக்கு இரையாக வைத்து, விரல் பட்டால் நசுங்குமென்று நாக்கால் எடுக்கக் குனிகிறார். நாய் மறைந்து மைத்ரேயர் நிற்கிறார். ஐந்து நாய் உள்ள வீட்டில் இந்தத் தொடைக்கணக்கு நடக்காது. என்றாலும் அசங்கர் ஒரு விஷயத்தில் தடுமாறவில்லை. நாயைப் புழுவோடு விட்டுவிட்டு நடப்பதை அவர் ஒரு வழியாகவே எண்ணவில்லை.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்று கணக்கு உண்டு. நாயின் கொக்கிப்புழு ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 0.1 மில்லிலிட்டர் இரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தால் 10 மில்லிலிட்டர். ஒரு கிலோ எடையுள்ள குட்டியின் உடலில் மொத்தமே 80, 90 மில்லிலிட்டர்தான். ஈறு வெளுத்து, மலம் கறுத்து, சில நாளில் குட்டி போய்விடும். உண்ணி இரத்தத்தோடு நிற்காமல் எர்லிக்கியா, பபீசியா என்ற காய்ச்சல்களையும் கொடுத்துவிட்டுப் போகும். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலோடு மணலில் நடக்கும் பிள்ளைகளின் தோலுக்குள்ளும் நுழைந்து, வளைந்து வளைந்து தடம் போடும்.

ஆகவே புழுவையும் உண்ணியையும் விட்டுவைக்க முடியாது. ஆனால் சமண இல்லறத்தின் அன்றாட ஒழுக்கத்தைப் பார்த்தால் அதன் பெரும்பகுதி தடுப்புதான். தண்ணீரை வடிகட்டு, சமைத்ததை இரவு தாண்டி வைக்காதே, ஈரத்தையும் அழுக்கையும் தேங்க விடாதே. உயிர் பெருகுகிற இடத்தை உண்டாக்காவிட்டால் கொல்லவேண்டி வராது. நாய் வீட்டுக்கும் இதுவே பொருந்துகிறது. காசும் இதில்தான் மிச்சம். கொக்கிப்புழு முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, ஈரமண்ணில் ஒரு வாரத்துக்குள் தொற்றும் நிலைக்கு வரும். அன்றன்றைய மலத்தை அன்றே அள்ளிப் புதைத்தால் அந்தச் சங்கிலி அறுகிறது. நாய் படுக்கும் இடம் வெயில்படும் காய்ந்த தரையாக இருந்தால் இளம்புழு பிழைக்காது. இரண்டு மழைக்காலமும் நனைக்கும் இந்தப் பக்கத்தில் இது எளிதல்ல. ஓர் ஓட்டுச்சாய்ப்பும் சிமெண்டுத் தரையும் வேண்டும்.

உண்ணிக்கும் பாதி வேலை சுவரில்தான். பழுப்பு நாயுண்ணி ஒவ்வொரு பருவத்திலும் இரத்தம் குடித்துவிட்டு நாயைவிட்டு இறங்கும். பெண் உண்ணி சுவர்ப் பொந்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெட்டுக்கல் மதிலின் இடுக்குகளைப் பூசி அடைக்காமல் நாயை மட்டும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தால் அடுத்த மாதமும் அதே உண்ணி. ஐந்தில் ஒன்றுக்கு மட்டும் மருந்து வைப்பதும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வைக்க வேண்டும்.

மருந்துக்கடையில்தான் கருணைக்கும் கையிருப்புக்கும் மல்லுக்கட்டு. மூன்று மாதம் உண்ணியைத் தடுக்கும் மாத்திரை ஒரு பெரிய நாய்க்கே ஆயிரம் ரூபாயைத் தாண்டும். குடற்புழு மாத்திரை மலிவு, அதில் கஞ்சத்தனம் தேவையில்லை: குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கொரு முறை, தாய்க்கும் கூடவே, வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கொரு முறை. உண்ணிக்குக் குறைந்த செலவில் ஃபிப்ரோனில் தெளிப்பும், நீர்கலந்து தேய்க்கும் அமிட்ராஸும் இருக்கின்றன; அளவை மிருகாசுபத்திரியில் கேட்டுக்கொள்ள வேண்டும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசிமருந்தைச் சொட்டுக்கணக்கில் நாய்க்குக் கொடுப்பது பலர் செய்யும் சிக்கனம். ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தருகே எடுத்த மண்ணின் நுண்ணுயிரிலிருந்து வந்து, 2015இல் சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்ப்பெலுக்கும் நோபல் வாங்கித்தந்த நல்ல மருந்து அது. ஆனால் மாட்டின் செறிவில் ஒரு துளி கூடினாலும் சிறு நாய்க்கு அளவு மிஞ்சும். கோலி (collie) இனத்து நாய்கள் பலவற்றின் மூளைக்குள் அது புகுந்து உயிரையே எடுக்கும். கலப்பு நாயின் பரம்பரை யாருக்குத் தெரியும்?

சரி, எத்தனை நாய் வரை? 1926இல் அகமதாபாதில் ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய், தம் வளாகத்தில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்லச் சொன்னார். ஜீவதயைக்காரர்கள் கொதித்து காந்தியிடம் போனார்கள். காந்தி சாராபாயைக் கைவிடவில்லை. ‘யங் இந்தியா’வில் தொடராகவே எழுதினார். பொறுப்பேற்காமல் தெருநாய்க்கு மிச்சம் மீதியை எறிவது தயை ஆகாது, வளர்ப்பதென்றால் முழுதாக வளர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. கொல்வதை அவர் ஏற்றது இன்றும் பலரை உறுத்தும், உறுத்தவும் வேண்டும். ஆனால் வளர்ப்பதென்றால் முழுதாக வளர்க்க வேண்டும் என்ற பாதியை மறுப்பது கடினம். ஐந்தாவது நாய்க்குச் சோறு மிஞ்சும் வீட்டில் அதற்கான புழுமாத்திரையும் உண்ணித் தெளிப்பும் மிஞ்சாவிட்டால், அது மற்ற நாலின் பங்கையும் சேர்த்துத்தான் குறைக்கிறது.

கொல்லாமலே எண்ணிக்கையைக் குறைக்க காந்தி காலத்தில் எளிதில் கிடைக்காத ஒரு வழி இப்போது பரவலாக இருக்கிறது: பெட்டைநாய்க்குக் கருத்தடை. அதற்குப் புழுவோடும் தொடர்பு உண்டு. தாயின் தசைக்குள் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் உறங்கிக் கிடக்கும். வழக்கமான புழுமாத்திரை அவற்றை எட்டாது. பால்கொடுக்கும் காலத்தில் விழித்து, பாலோடு குட்டிகளுக்குள் இறங்கும். கண் திறக்காத குட்டிக்குப் புழு வருவது இப்படித்தான். ஈனாத பெட்டையில் அந்த வழி திறப்பதில்லை.