இருட்டைத் தேடி ஏறிய மலை

வாசுதேவநல்லூரில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். மேற்கே மலை சுவராக நிற்பதால், வானம் வெளுத்திருக்கும்போதே தெருவில் நிழல் படியும். என் சின்ன வயதில் அதற்குப் பிறகு வருவது முழு இருட்டு. சித்திரை வெக்கைக்கு மொட்டைமாடியில் படுத்திருப்போம். நடுச்சாமத்துக்கு மேல் விழிப்பு வந்தால், தென்கிழக்கில் பால் வழிந்தாற்போல ஆகாய கங்கை எழுந்திருக்கும். இன்று அதே மாடியில் தெருவிளக்கு கண்ணில் குத்துகிறது. அந்தப் பால்வெளியைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது போனது எனக்குத் தெரியவே இல்லை என்பதுதான் வலிக்கிறது.

அதைத் தேடித்தான் மாசியில் காவலூருக்குப் போனேன். வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏற வேண்டும். சுமார் 725 மீட்டர் உயரத்தில் சின்னஞ்சிறு ஊர். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் வடவானமும் தென்வானமும் இங்கிருந்து தெரியும். வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு இந்த இடத்தைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்க நெருங்கியபோது, அந்த விண்மீனின் ஒளி முன்கூட்டியே மங்கி மீண்டதை இங்கிருந்தும் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறிந்தது அந்த இரவின் பதிவுகளால்தான். பாப்பு கனவு கண்ட 234 சென்டிமீட்டர் தொலைநோக்கி 1986-ல் இயங்கத் தொடங்கியது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1982-லேயே மறைந்துவிட்டார்.

காவலூருக்கு வெகுகாலம் முன்பே, 1861-ல் வானியலாளர் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ‘ஆசியா’ என்று பெயரிட்டார். எந்த மலையிலிருந்தும் அல்ல, சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்து. பிறகு வானாய்வு கொடைக்கானலுக்கு ஏறியது, காவலூருக்கு வந்தது, கடைசியில் லடாக்கின் ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டது. மேகமும் ஈரமும் இந்த இடமாற்றங்களுக்குப் பெரிய காரணங்கள். பழியெல்லாம் விளக்கின் மேல் போட முடியாது. ஆனாலும் இன்று நுங்கம்பாக்கத்து மாடியில் நின்று யார் வானத்தை ஆராய முடியும்? மனிதரில் மூன்றில் ஒருவருக்கு மேல், தாம் வாழும் இடத்திலிருந்து பால்வெளியைக் காண முடியாது என்கிறது 2016-ல் வெளியான உலக வரைபடம் ஒன்று.

காவலூரில் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தபோது, இருட்டைப் புகழ்ந்து ஏதோ சொன்னேன். பக்கத்தில் இருந்த மலையாளிப் பழங்குடி அம்மா ஒருவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உங்களுக்கு அழகா இருக்குதுங்க. ராத்திரில பாம்பு கடிச்சா, இதே இருட்டுல தானுங்களே தூக்கிட்டு ஓடணும்?” கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

நான் ரசிக்க வந்த இருட்டு அவருக்குக் கிடைக்காமல் போன வெளிச்சம். அவர் வாசலுக்கு விளக்கு வேண்டும், சாலைக்கும் வேண்டும். அதை மறுத்து வானத்தைக் காப்பது அநியாயம். ஆனால் விளக்குக்கு மேலே ஒரு மூடி இருந்தால் வெளிச்சம் பாதையில் விழும், வானுக்குப் போகாது. ஹான்லே சுற்றுவட்டாரத்தை 2022-ல் இருள்வான் காப்பகமாக அறிவித்தபோது கிராமத்தவரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தொலைநோக்கியும் பயிற்சியும் கொடுத்தார்கள்; வருகிறவர்களுக்கு இப்போது அவர்களே வானம் காட்டுகிறார்கள். ஜவ்வாது மலையிலும் அது நடக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

அன்றிரவு குளிரில் நின்று பார்த்தேன். கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு மீன்களும் தனித்தனியாகத் தெரிந்தன. ஏழாவதாக ஒன்றும் தெரிந்த மாதிரி இருந்தது.

பங்குனியில், ஊரில், மாடிக்கு ஏறினேன். தெருவிளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு மேற்கே பார்த்தேன். மலைக்கு மேல் கார்த்திகை இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு வரை எண்ண முடிந்தது.